நீ நிறுத்திவிட்டுப் போன கண்கள்

முரளி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இங்கே நாங்கள் நலமாக இல்லை. நேற்று ட்ரங்க் காலில் நீ சொன்னதைக் கேட்ட பிறகு, போஸ்ட் ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தியிருந்தேன் என்பதே மறந்துபோய் நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உன் அம்மா கதவைத் திறந்தவள், "என்னங்க, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதருடைய வேலை போகப் போகிறது, முரளி. நீ ‘அந்தோணி அண்ணன்’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாயே, அவருடைய வேலை. அவர் தொலைக்காத ஒன்றைத் தொலைத்ததாகச் சொல்லி அனுப்பப் போகிறார்கள். பொங்கல் முடிந்து வரும் வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் பம்பாய்க்குக் கடிதம் போய்ச் சேருமா, நீ திரும்பி வர நேரம் இருக்குமா என்று தபால் ஆபீசில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் நீ, "சின்ன விஷயம்ப்பா, பெருசாக்காதீங்க" என்றாய். அந்த இடத்தில்தான் நான் ஆடிப்போனேன். சின்ன விஷயமாம்! கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபப்படுவதற்குக்கூட மனுஷனுக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் திகைப்பே அடங்கவில்லை. ஆகவே உனக்குத் தெரிந்த சங்கதியையே உனக்கு முதலிலிருந்து சொல்லப் போகிறேன். பாதி உனக்குத் தெரியாது. தெரிந்த பாதியையும் நீ சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

நம் எண்ணெய் டிப்போவில் நெருப்பைப் பார்க்கும் அந்தக் கண்களை மாட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் கடைசி, நீ அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்த காலம். அதுவரை பெட்ரோலையும் டீசலையும் லாரியில் ஏற்றும் இடத்தில் தீப்பிடித்தால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருந்தது ஆட்களுடைய கண்ணும் மூக்கும்தான். சிவப்பு வாளியில் மணல், கயிறு கட்டிய ஒரு மணி, அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. திடீரென்று ஒருநாள் மேலிடத்திலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கியது. லோடிங் ஷெட் தூண்களில் தேங்காய் அளவில் உருண்டைப் பெட்டிகளை மாட்டினார்கள். முன்னால் கண்ணாடி, உள்ளே சுண்டுவிரல் பருமனில் ஒரு குழல். நெருப்பிலிருந்து மனுஷக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி வருகிறது, புற ஊதா ஒளி. அந்தக் குழல் அதைத்தான் பார்க்கும். பார்த்தவுடன் கண்ட்ரோல் ரூமில் மணி அலறும், பம்ப் நின்றுவிடும், ஷெட் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். நாம் ‘நெருப்பு’ என்று வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மாட்ட வந்த இன்ஜினியர் ஒரு கோடியில் நின்று சோதனை விளக்கைக் காட்டினார். "வெளிச்சமே தெரியலையேப்பா" என்று நீ சொல்லி முடிக்கவில்லை, மணி அடித்துவிட்டது. பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்புறம் ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நீ துவாக்குடியில் இன்ஜினியரிங் சேர்ந்ததும், லீவு விட்டால் டிப்போவுக்கு ஓடி வந்து கண்ட்ரோல் ரூமில் அந்தோணியின் பக்கத்தில் உட்கார்ந்து பேனலைப் பிரித்துப் பார்த்ததும், இப்போது கடல் நடுவில் எண்ணெய் எடுக்கிற மேடையில் இதே கண்களைப் பராமரிக்கிற வேலை உனக்குக் கிடைத்ததும் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியும். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைந்தேன்.

அந்தக் கண்களுக்கு ஒரு குறை உண்டு. வெல்டிங் பொறியைப் பார்த்தாலும் நெருப்பு என்று நினைத்துக்கொள்ளும். பக்கத்தில் மின்னல் வெட்டினால் அரண்டுபோகும். கேமரா பிளாஷ் அடித்தாலும் அதே கதைதான். இதை நாங்கள் கற்றுக்கொண்டது பழைய மேனேஜருடைய பிரிவுபசார விழாவில். பின்னால் லாரியும் குழாயும் தெரிந்தால்தான் படம் எடுப்பாக இருக்கும் என்று பாலக்கரை ஸ்டூடியோக்காரர் பிடிவாதமாக எல்லோரையும் ஷெட்டுக்கு அடியில் வரிசையாக நிற்க வைத்தார். லோடிங்கை நிறுத்தி வால்வுகளை மூடிய பிறகுதான் உள்ளே விட்டோம், ஆனாலும் கண்களை யாரும் யோசிக்கவில்லை. பிளாஷ் ஒரு தடவை மின்னியது. மணி அலறியது. அடுத்த நொடி சந்தனமாலையும் பட்டுப்புடவையுமாக நின்றவர்கள் மேல் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மேனேஜர் வீட்டம்மா, "ஐயோ, என் கல்யாணப் புடவைங்க!" என்று கத்தியது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். படம் மட்டும் வந்தது. அதில் எல்லோருடைய வாயும் திறந்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்தச் சட்டத்திலும் இல்லாத பழக்கம், எங்கள் டிப்போவின் சொந்தப் பழக்கம். போட்டோ என்றால் லோடிங் நிற்கும். கண்ட்ரோல் ரூம் பேனலில் இருக்கிற சாவியைத் திருப்பிக் கண்களை நிறுத்துவோம். பேனலில் மஞ்சள் விளக்கு எரியும். யார் திருப்பினாரோ அவர் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. போட்டோ முடிந்ததும் அவரே போய்த் திருப்பி, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுச் சாவியை ஆணியில் மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் ஒரு சொட்டு எண்ணெய் லாரியில் இறங்கலாம். இத்தனை வருஷமும் அதைச் செய்தவன் நான். என் ரிட்டயர்மென்ட் அன்று என்னால் செய்ய முடியவில்லை, ஏனென்றால் நடு நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

டிசம்பர் முப்பத்தொன்று எனக்குக் கடைசி நாள் வேலை, அன்று மத்தியானமே உனக்கு ரயில். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு உன் அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. கண்ட்ரோல் ரூமிலிருந்த அந்தோணியை, "நீ இல்லாம என்னய்யா போட்டோ, வா" என்று நான்தான் கூப்பிட்டேன். அவர் தயங்கினார். நீ, "நான் பாத்துக்கறேன் அண்ணே, நீங்க போய் நில்லுங்க" என்றாய். நீயே சாவியைத் திருப்பினாய், உருவி எடுத்து வெள்ளை பேன்ட் பையில் போட்டுக்கொண்டாய். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை, அந்தோணியே திருப்பிவிட்டு வந்தார் என்றுதான் நினைத்தேன். நல்ல பிள்ளை, அப்பாவின் படம் நனையாமல் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படம் எடுத்து முடித்ததும் ஸ்டூடியோக்காரர், "குடும்பத்தோட ஒண்ணு எடுத்துடலாம் சார்" என்று உன்னையும் அம்மாவையும் இழுத்து நிறுத்தினார். அதற்குள் மேனேஜர் தன் காரை வரவழைத்துவிட்டார், ரயிலுக்கு நேரமாகிறது என்று எல்லோரும் விரட்டினார்கள். மற்றவர்கள் கேன்டீனில் சாப்பாட்டுக்குப் போனார்கள். நாம் காரில் ஏறினோம். நான் அந்தச் சாவியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கழுத்தில் மாலையோடு வேறு ஏதோ உலகத்தில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து நீ உடை மாற்றிக்கொண்டாய். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பகல்பத்து உற்சவத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் முண்டியடித்தது. புளியோதரைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத்தான் கொடுக்க முடிந்தது. வண்டி நகர்ந்ததும் உன் அம்மா அழுதாள், நான் அழவில்லை என்று நடித்தேன். திரும்பி வந்து ஒரு தூக்கம் போடலாம் என்று படுத்தவனை டிப்போ வாட்ச்மேன் ஸ்கூட்டரில் வந்து எழுப்பினார். "சார், ஷெட்ல தீ புடிச்சுக்கிச்சு சார். மருதைக்கு ரெண்டு கையும் போச்சு சார்" என்றார். நான் சட்டை போட்டேனா, செருப்பு போட்டேனா, ஒன்றும் தெரியாது. காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மணி அடிக்கலையா? மணி அடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "இல்ல சார். எங்கியும் மணியே அடிக்கல" என்றார்.

நடந்தது இதுதான். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு மேல் லோடிங் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு லாரியைத் தரையோடு இணைக்கும் கம்பி சரியாகப் பிடிக்கவில்லையாம், பொறி தட்டியிருக்கிறது. லாரி மேல் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மருதை. உப்பிலியபுரத்துக்காரர், கடலை மிட்டாய் வாங்கிவந்து உனக்குக் கொடுப்பாரே, அவர்தான். கண்கள் உயிரோடு இருந்திருந்தால் அவர் தலையைத் திருப்புவதற்குள் பம்ப் நின்று தண்ணீர் கொட்டியிருக்கும். கண்கள் நின்றுகிடந்தன. பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குதித்து ஓடாமல் மனுஷன் எரிகிற வால்வைக் கையால் மூடிவிட்டுத்தான் குதித்திருக்கிறார். மற்றவர்கள் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைக் கையால் திறந்து அணைத்தார்கள். அந்தக் கைகளைப் பெரியாஸ்பத்திரியில் பார்த்தேன். நான் பார்த்ததை உனக்கு எழுத மாட்டேன்.

அந்தோணி சாப்பிட்டுவிட்டு வந்து பேனலில் மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறார். ஆணியில் சாவி இல்லை. தேடிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடியிருக்கிறார். ஓடுவதற்கு முன்னால் லோடிங்கை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், அது அவருடைய தப்புதான், அதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் மேல் போட்ட குற்றச்சாட்டு அது இல்லை. கண்களை நிறுத்திச் சாவியைத் தொலைத்துவிட்டு இடத்தை விட்டுப் போய்விட்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. அன்று சாயங்காலம் கரி படிந்த ஷெட்டில் எல்லோர் முன்னாலும் நான் அவரைக் கேட்டேன், "ஒரு சாவியப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதாய்யா உனக்கு?" என்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்கிட்ட சாவி இல்ல சார்" என்று மட்டும் சொன்னார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாளே அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

நீ கழற்றிப் போட்ட துணியை உன் அம்மா பல நாள் துவைக்கவில்லை. கேட்டால், "கெடக்கட்டும், என்ன அவசரம்" என்பாள். எனக்குக் காரணம் தெரியும், நானும் வற்புறுத்தவில்லை. முந்தாநாள் காலையில் ஒருவழியாக ஊறப்போட எடுத்தவள், பையில் கையை விட்டுவிட்டு அப்படியே நின்றாள். "இது எதுங்க சாவி? நம்மளுது இல்லியே" என்று என்னிடம் நீட்டினாள். அதில் கோத்திருந்த டிப்போவின் பித்தளை வில்லையைப் பார்த்ததும் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒருத்தருக்கும் தெரிய வேணாங்க. அம்மா மண்டபத்துக்குப் போயி காவிரில போட்டுட்டுத் தலை முழுகிட்டு வந்துடுங்க" என்றாள். ரங்கநாதருக்கு விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் சொல்கிறாள்! நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வருஷம் கூட இருந்தும் அவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. பெற்றவளுக்கு அது இயற்கை என்று சொல்லிக்கொண்டேன். சாவியை மட்டும் அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

உன்னைப் பற்றி அப்போதும் நான் தப்பாக நினைக்கவில்லை. பிள்ளை மறந்துவிட்டான், பாவம், அவனுக்குத் தெரியவே தெரியாது, கேட்டால் துடித்துப்போவான் என்றுதான் நினைத்தேன். அதைத் திடுமென்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் நேற்று ட்ரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நீ துடிக்கவில்லை. நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், நான் மாற்றிச் சொன்னதாக நீ பிற்பாடு சொல்லக் கூடாது.

"சாவி உன் வெள்ளை பேன்ட்ல இருந்துச்சுடா" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாய். "லால்குடி தாண்டறப்பவே ஞாபகம் வந்துடுச்சு."

"லால்குடிலயா? அப்ப மணி என்ன இருக்கும், இங்க லோடிங்கே ஆரம்பிக்கலியேடா."

"அந்தோணி அண்ணன் விளக்கப் பாத்துட்டு ஏதாச்சும் பண்ணுவாருன்னு நெனச்சேன்ப்பா."

"அரியலூர்ல வண்டி நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"எறங்கினியா?"

"டீ குடிக்க எறங்கினேன்."

டீ குடிக்க இறங்கினேன் என்றாய். எனக்குக் காதில் வேறொன்றும் விழவில்லை. அதற்குப் பிறகு நீ நிறையப் பேசினாய். இப்போது சொன்னால் வேலை போய்விடும், புதிதாகச் சேர்ந்தவன், இதே வேலைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள், அந்தோணி அண்ணனுக்கு சர்வீஸ் இருக்கிறது, யூனியன் இருக்கிறது, எப்படியாவது விட்டுவிடுவார்கள் என்றெல்லாம் சொன்னாய். நான் அரியலூர் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறை எத்தனை தூரம் இருந்திருக்கும்? ‘திருச்சி எண்ணெய் டிப்போவுக்கு ஒரு செய்தி சொல்லணும் சார், ஆபத்து’ என்று சொல்லியிருந்தால் அவர் ரயில்வே போனிலேயே சொல்லியிருப்பார். நம் டிப்போவுக்குள் தண்டவாளம் வருகிறது, அவர்களுக்கு நாம் தெரியாதவர்களா? டீக்குக் காசு கொடுத்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்து, ஏறி உட்கார்ந்து போய்விட்டாய்.

மறந்ததை நான் மன்னித்துவிட்டேன், முரளி, மனப்பூர்வமாக. நானும் மறப்பேன், நேற்று சைக்கிளையே மறந்துவிட்டு வந்தவன் நான். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், அப்பாவையும் அம்மாவையும் விட்டுப் போகிற துக்கத்தில் எவனுக்கும் மறந்துபோகும். எனக்குத் தாங்க முடியாதது, உனக்கு ஞாபகம் வந்ததுதான். ஞாபகம் வந்த பிறகு நீ சும்மா உட்கார்ந்திருந்தது. உன் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இறங்கிப் போய்ச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்களே என்று தோன்றியதா? முதல் வேலைக்குப் போகும்போதே கெட்ட பேரா என்று தோன்றியதா? ஒன்றும் ஆகாது என்று தோன்றியிருக்கும். முக்கால்வாசி நாள் ஒன்றும் ஆகாமல்தான் இருக்கும், அதுதான் இந்தத் தொழிலில் பெரிய ஆபத்தே. என் சர்வீஸ் முழுக்க நான் பயந்தது நெருப்புக்கு அல்ல. ‘ஒண்ணும் ஆவாது சார்’ என்று சொல்கிற ஆட்களுக்குத்தான் பயந்தேன். அப்படி ஒருவனை என் வீட்டிலேயே சோறு போட்டு வளர்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

போனை வைத்த பிறகு நேற்று சாயங்காலம் பாலக்கரைக்கு அந்தோணி வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது, விளக்குப் போடவில்லை. அவர் மனைவி பிலோமினா என்னைப் பார்த்து, "வாங்க" என்று சொன்னதோடு சரி, உள்ளே போய்விட்டாள். சாவியை எடுத்து அந்தோணி முன்னால் வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தோணி, இது…" என்றேன்.

"தெரியும் சார். தம்பிதான் திருப்புனாப்ல. நான் போட்டோவுல நின்னுகிட்டே ஜன்னல் வழியா பாத்தேன். யார்கிட்டயாச்சும் குடுத்துட்டுப் போயிருப்பாப்லன்னுதான் கேன்டீனுக்கு ஓடினேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சும் ஏன்யா சொல்லல? நான் உன்ன அத்தன பேர் முன்னால கேட்டப்பகூடச் சொல்லலியே!"

"அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி சார் சொல்றது? அப்புறம் தந்தி கிந்தி அடிப்பாப்லன்னு பாத்தேன். தெனம் தபால்காரன் வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பேன். என்கூட ஒக்காந்து வேல கத்துக்கிட்ட புள்ள சார், தானா சொல்லுவாப்ல, சொல்லாம இருக்க மாட்டாப்லன்னு பிலோகிட்ட அடிச்சுச் சொன்னேன்." சாவியை என் பக்கமே தள்ளி வைத்தார். "வியாழக்கெழம வரைக்கும் பாப்பேன் சார். அதுக்கு மேல நானே சொல்லிடுவேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவர் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது பெருந்தன்மையால் அல்ல, கவனி. உன் மேல் வைத்திருந்த நம்பிக்கையால். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நின்றிருக்கிறார், நீ அங்கே புதுச் சீருடை அளவு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் இன்றே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீங்க சொன்னா, என்னக் காப்பாத்த ரிட்டயர்டு சார் சொல்றாருன்னுவாங்க. தம்பி வந்து சொல்லட்டும் சார். அதுதான் நிக்கும்" என்றார். பிலோமினா காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, அதையும் பேசிவிடலாம். அந்த மேடையில் உனக்குப் பொறுப்பாகக் கொடுக்கப்போகிற கண்களும் இப்படித்தான் அடிக்கடி பொய்யாக அலறும். வெல்டிங் செய்வார்கள், கடலில் மின்னல் வெட்டும். நிறுத்தி வையுங்கள், தொந்தரவாக இருக்கிறது என்று உன்னிடம்தான் வந்து சொல்வார்கள். நீயும் நிறுத்துவாய், நிறுத்தித்தான் ஆக வேண்டும், அது தப்பில்லை. நிறுத்தின பிறகு அந்த இடத்தில் உன் சொந்தக் கண்ணை வைத்துவிட்டு நிற்க வேண்டும், அதுவே அந்த வேலை. படிப்பெல்லாம் அதற்கு அப்புறம். எதை நிறுத்தினோம் என்று ஒருநாள் உனக்குத் திடீரென்று ஞாபகம் வரும், குளித்துக்கொண்டிருக்கும்போது வரலாம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வரலாம். அன்று எழுந்து ஓடுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. போன மாதம் வரை தெரியும் என்று சத்தியம் செய்திருப்பேன். நீ அந்த வேலையில் இருப்பது சரியா என்றே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. பெற்ற அப்பன் எழுதுகிற வார்த்தையா இது என்று உனக்குத் தோன்றும். எழுதும்போது எனக்கும் தோன்றியது, ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை.

உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று காலை, என்னிடம் சொல்லாமல், தூக்கில் ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். மருதையின் மனைவி ஊரில் குழந்தைகளை விட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே கிடக்கிறாள், அவளைக் கொஞ்சம் தூங்கச் சொல்லிவிட்டு உன் அம்மாவே அவருக்கு ஊட்டியிருக்கிறாள். மருதைக்குச் சாவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு வாய் வாங்கிக்கொண்டு கேட்டாராம், "தம்பி கடலுக்குப் போயிட்டாருங்களாம்மா?" என்று. இன்னும் போகவில்லை, பம்பாயில் இருக்கிறான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். "இங்க புடிச்சுக்கிச்சு, குதிச்சு ஓடிட்டோம். அங்க சுத்தித் தண்ணிங்களே, நெருப்புப் புடிச்சா எங்கம்மா ஓடுவாங்க? தம்பியச் சூதானமா இருக்கச் சொல்லுங்க" என்றாராம்.

வந்து சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். "காவிரில போடச் சொன்னேனே, நான் மனுஷியாங்க?" என்று அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எழுதுங்க. அவன வரச் சொல்லுங்க. வேல போனாப் போகுது" என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள்தான் தபாலில் போடுவாள்.

விசாரணை அறைக்குள் என்னையும் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். சாவியை அவர்கள் மேஜை மேல் வைப்பேன். எங்கே இருந்தது என்று கேட்பார்கள். நான் பொய் சொல்லப் போவதில்லை, அதை நீ எதிர்பார்க்கவும் மாட்டாய் என்று நம்புகிறேன். ஒரு அப்பன் தன் மகனைப் பற்றி நாலு பேரிடம் புகார் சொல்கிற மாதிரி என்னைச் சொல்ல வைத்துவிடாதே. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ திறந்துவிடு. சொல்லிவிட்டுத் திரும்பினால் நான் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன். வேலை போனால் வீட்டுக்கு வா. சோறு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம், வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

விசாரணை காலையில். நான் முன்கூட்டியே போய் டிப்போ கேட் பக்கத்தில் நிற்பேன். ஜங்ஷனிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே கூப்பிடும் வரைக்கும் நிற்பேன். கூப்பிட்ட பிறகு, நீ வந்திருந்தாலும் வராவிட்டாலும், போய் உன் பெயரைச் சொல்லிவிடுவேன்.

அப்பா